விறைப்பான கார்பன் ஃபைபருக்கு வளையும் கருவியில் என்ன வேலை?

கேள்வி இது: "கார்பன் ஃபைபர் என்றாலே வளையாத பொருள் என்றுதான் பாடத்தில் படித்தோம். சைக்கிள் பிரேம், விமான இறக்கை எல்லாம் அதில் செய்கிறார்கள். ஆனால் மடிக்கும் போனிலும், உடம்பில் அணியும் சென்சாரிலும் அது இருக்கிறது என்கிறார்களே, எப்படி? கடைசி ஆண்டு புராஜெக்ட்டாக விரல் வளைவை அளக்கும் கையுறை ஒன்று செய்கிறோம். அதில் செம்புக் கம்பிக்குப் பதில் கார்பன் ஃபைபர் போட்டு, அதையே சென்சாராகவும் பயன்படுத்தலாமா?"

சைக்கிள் பிரேம் வளையாமல் நிற்பதற்குக் கார்பன் பாதிக் காரணம்தான். மீதிப் பாதி அந்தக் குழாயின் வடிவமும் கனமும். எந்தப் பொருளாக இருந்தாலும் சரி, தகட்டின் கனத்தைப் பாதியாக்கினால் அதை வளைக்க வேண்டிய விசை எட்டில் ஒரு பங்காகிவிடும். பத்தில் ஒரு பங்காக்கினால் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஜன்னல் கண்ணாடியை யாரும் வளைக்க நினைப்பதில்லை. ஆனால் 2020-ல் வந்த சாம்சங்கின் மடிக்கும் போனான கேலக்ஸி இசட் ஃபிளிப்பின் திரைமேல் இருந்தது 30 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கனமுள்ள கண்ணாடி. தினமும் மடித்து மடித்து விரித்தார்கள். கார்பனும் அப்படித்தான்.

எந்த அளவு வளைத்தால் உடையும் என்பதை ஒரு வரிக் கணக்கில் பார்த்துவிடலாம். தகட்டை வளைக்கும்போது வெளிப்பக்கம் இழுபடுகிறது, உள்பக்கம் நெருக்கப்படுகிறது, நடுவில் ஒரு தளம் மட்டும் எதுவும் நடக்காததுபோல இருக்கிறது. வெளிப்பக்கம் எத்தனை பங்கு நீள்கிறது என்று அறிய, தகட்டின் கனத்தை வளைவு ஆரத்தின் இரு மடங்கால் வகுத்தால் போதும். கார்பன் இழை தயாரிக்கும் ஜப்பானின் டோரே நிறுவனத்தின் டி300 இழையை எடுத்துக்கொள்வோம். 1971-ல் சந்தைக்கு வந்து இன்றைக்கும் அளவுகோலாக இருக்கும் இழை அது. விறைப்பு 230 கிகாபாஸ்கல் (விறைப்பைச் சொல்லும் அலகு), அதாவது எஃகைவிடச் சற்று அதிகம். 1.5 சதவீதம் நீண்டால் அறுந்துவிடும். இந்த இழையால் செய்த 1 மி.மீ. தகட்டை 33 மி.மீ. ஆரத்துக்குக் கீழே வளைத்தால் முறியும். இதே கணக்கை ஒற்றை இழைக்குப் போடுங்கள். அதன் விட்டம் 7 மைக்ரான், தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு இருக்கலாம். உடையும் ஆரம் 0.23 மி.மீ. என்று வரும். மைக்ரோடிப் பென்சிலின் 0.5 மி.மீ. லீடைச் சுற்றி அதை வளைக்கலாம் என்று அர்த்தம். பொருள் ஒன்றுதான். மாறியது கனம் மட்டும்.

ஆகவே "கார்பன் ஃபைபர் வளையுமா" என்பதைவிட, "எத்தனை இழைகளை எதனால் ஒட்டியிருக்கிறீர்கள்" என்று கேட்பதுதான் பொருத்தம். ஆயிரக்கணக்கான இழைகளை எபாக்சி என்ற கெட்டியாகும் பசையில் தோய்த்து இறுக்கிவிட்டால் அவை தனித்தனி இழைகளாக இல்லாமல் ஒரே தகடாகிவிடுகின்றன. கனத்தையும் ஒரே தகடாகத்தான் கணக்கிட வேண்டும். ஒட்டாமல் விட்டால் ஒவ்வொரு இழையும் பக்கத்து இழைமேல் வழுக்கிக்கொண்டு தன் 7 மைக்ரான் கனத்துக்கே வளையும். எரிபொருள் கலம் செய்யும் ஆய்வகங்களில் இதைக் கண்ணெதிரே பார்க்கலாம். அங்கே கார்பன் பேப்பர் என்று ஒன்றும் கார்பன் துணி என்று ஒன்றும் உண்டு. இரண்டிலும் இருப்பது இதே வகை இழைதான். பேப்பரில் இழைகளை ரெசினால் ஒட்டி, அந்த ரெசினையும் சேர்த்துக் கரியாக்கியிருப்பார்கள். மடித்தால் அப்பளம்போல் நொறுங்கும். துணியைக் கைக்குட்டை மாதிரி மடித்துப் பையில் வைத்துக்கொள்ளலாம். வளையும் பேட்டரி, வளையும் சூப்பர் கெப்பாசிட்டர் என்று வரும் ஆய்வுகளில் பெரும்பாலும் அடித்தளமாக இருப்பது இந்தத் துணிதான்.

இரண்டுக்கும் நடுவில் இன்னொரு வழி இருக்கிறது: ஒட்டவும் வேண்டும், வழுக்கவும் வேண்டும் என்றால் ஒட்டும் பொருளை மென்மையாக்குவது. எபாக்சியின் விறைப்பு சுமார் 3 கிகாபாஸ்கல். ஆய்வகங்களில் பயன்படும் சிலிகான் ரப்பரின் விறைப்பு ஓரிரு மெகாபாஸ்கல்தான், ஆயிரத்தில் ஒரு பங்கு. அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் செர்ஜியோ பெல்லெக்ரினோவின் குழு கார்பன் இழைகளைச் சிலிகானில் பதித்து, கிட்டத்தட்ட முழுவதுமாக மடித்துப் பார்த்தது. உள்பக்கத்து இழைகள் நெருக்கத்தைத் தாங்காமல் முறிந்திருக்க வேண்டும். முறியவில்லை. ரப்பருக்குள்ளேயே சின்னச் சின்ன அலைகளாக நெளிந்து இடம் தேடிக்கொண்டன. மடிப்பை விட்டதும் நெளிவு நேராகிவிடுகிறது. எபாக்சிக்குள் இப்படி நெளிய இடமில்லை, அதனால்தான் எபாக்சித் தகடு பெரும்பாலும் நெருக்குப்படும் பக்கத்தில் முதலில் கோபித்துக்கொள்கிறது.

திசை என்று ஒன்று இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். கோரைப்பாயைச் சுருட்டியிருப்பீர்கள். கோரை ஓடும் திசையில் பாய் மடங்காது, மல்லுக்கட்டினால் கோரை முறியும். கோரைக்குக் குறுக்கே, நூல் ஓடும் திசையில் சுருட்டினால் சும்மா சுருண்டுகொள்ளும். ஒரே திசையில் இழைகளை அடுக்கிய மெல்லிய கார்பன் தகடும் அச்சு அசலாக இந்தப் பாய்தான். ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. பாயில் கோரைகளைப் பிணைப்பது மெத்தென்ற நூல்; தகட்டில் பிணைப்பது எபாக்சி. எபாக்சித் தகட்டை இழைக்குக் குறுக்கே இழுத்தால் ஒரு சதவீதம்கூடத் தாங்காமல் விரிசல் விடும். அதனால் சுருட்டும் திசையில் விசை குறைவாகத் தேவைப்பட்டாலும் அளவோடுதான் சுருட்ட முடியும். தகடு எந்தப் பக்கம் விறைப்பாக நிற்க வேண்டும், எந்தப் பக்கம் விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதை இழையின் திசையாலேயே எழுதிவிடலாம். எஃகுத் தகட்டிலும் பிளாஸ்டிக்கிலும் இந்தச் சௌகரியம் கிடையாது. வளையும் கருவி செய்கிறவர்கள் கார்பனைத் தேடி வருவதற்கு, எடை குறைவு என்பதைவிட இதுதான் பெரிய காரணம் என்பது என் கருத்து.

மடிக்கும் போனில் அது என்ன செய்கிறது என்று இப்போது பார்க்கலாம். போனைப் பிரித்துப் பார்க்காதவர்கள், திரையே கார்பனில் செய்தது என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படியில்லை. வளையும் ஓஎல்இடி திரை ஈரத் துணி மாதிரி. அதைத் தனியாக விட்டால் விரல் பட்ட இடமெல்லாம் குழி விழும். அதற்குப் பின்னால் ஒரு முதுகுத் தகடு வேண்டும். இரு பாதிகளிலும் அது தட்டையாக, விறைப்பாக நிற்க வேண்டும். நடுக்கோட்டில் மட்டும் மடிய வேண்டும். மடியும் இடத்தில் வரிசை வரிசையாகச் சிறு பிளவுகள் வெட்டிவிடுவார்கள். மடிப்பு அந்தப் பிளவுகளுக்குள் நடக்கிறது, தகடு வளைவதில்லை என்றே சொல்லலாம். லெனோவோ 2020-ல் கொண்டுவந்த திங்க்பேட் எக்ஸ்1 ஃபோல்டு என்ற மடிப்புக் கணினியிலும் உலோகக் கலவையோடு கார்பன் ஃபைபர் சேர்ந்திருந்தது. 13.3 அங்குலத் திரை, எடை ஒரு கிலோவுக்குள்.

முதுகுத் தகட்டுக்கு எஃகு போதாதா? போதும், பல போன்களில் இருப்பது துருப்பிடிக்காத எஃகுதான். கதையில் திருப்பம் கொண்டுவந்தது பேனா. 2021-ல் வந்த இசட் ஃபோல்டு 3, சாம்சங்கின் மடிப்புப் போன்களில் பேனா வேலை செய்த முதல் மாடல். அந்தப் பேனாவில் பேட்டரி கிடையாது. திரைக்கு அடியில் இருக்கும் சுருள்கள் ஒரு மாறும் காந்தப்புலத்தை உண்டாக்கும். பேனாவில் இருக்கும் சுருளும் கெப்பாசிட்டரும் அதற்கு ஒத்திசைந்து திருப்பிப் பேசும். அந்தச் சுருள்களுக்குப் பக்கத்தில் உலோகத் தகடு இருந்தால் அதில் சுழல் மின்னோட்டம் கிளம்பி, புலத்தையே அமுக்கிவிடும். தகடு எஃகுபோல விறைப்பாகவும் வேண்டும், எஃகுபோல மின்சாரம் கடத்தவும் கூடாது. இங்கேதான் கார்பன் ஃபைபர் பிளாஸ்டிக் உள்ளே வந்தது. எபாக்சியோடு சேர்ந்த கார்பன் தகட்டின் மின்தடை, இழை ஓடும் திசையில்கூட எஃகைவிடச் சுமார் 40 மடங்கு. குறுக்கே இன்னும் பல மடங்கு. சுழல் மின்னோட்டத்துக்கு ஒரு முழு வட்டம் வேண்டும், வட்டத்தில் பாதி தூரம் குறுக்கே போகத்தானே வேண்டும்? போக வழியில்லாமல் அது அடங்கிவிடுகிறது. 2025-ல் வந்த இசட் ஃபோல்டு 7-ல் பேனா வசதியை எடுத்துவிட்டார்கள். முதுகில் டைட்டானியம் வந்து உட்கார்ந்துகொண்டது. பேனா போனதும் கார்பனின் தேவையும் போய்விட்டது.

இதையே திருப்பிப் பார்த்தால் ஒரு தலைவலி தெரியும். உலோகத்தைவிடக் குறைவாகக் கடத்துகிறது என்பதால் ரேடியோ அலைக்கு அது வழிவிடும் என்று எண்ணிவிடக் கூடாது. ஆன்டெனாவுக்குக் கார்பன் தகடும் ஒரு சுவர்தான். கார்பன் மூடி போட்ட லேப்டாப்களில் வைஃபை ஆன்டெனா இருக்கும் பகுதியை மட்டும் கண்ணாடி இழையிலோ பிளாஸ்டிக்கிலோ செய்வது அதனால்தான். முழு உடலையும் கார்பனில் செய்த போன் ஒன்று ஜெர்மனியிலிருந்து 2021-ல் வந்தது, கார்பன் 1 எம்கே 2 என்று பெயர். எடை 125 கிராம், கனம் 6.3 மி.மீ. ரேடியோ அலை போவதற்கென்றே கார்பனோடு வேறொரு பொருளைக் கலந்து நெய்ய வேண்டியிருந்தது. உங்கள் கையுறையில் புளூடூத் வைப்பதாக இருந்தால் இதை நினைவில் வையுங்கள்.

மடிக்கும் போனைவிட எனக்குப் பிடித்த உதாரணம் வானத்தில் இருக்கிறது. சர்வதேச விண்வெளி நிலையத்தில் 2021 ஜூனில் ஷேன் கிம்ப்ரோவும் தாமா பெஸ்கேவும் வெளியே மிதந்துகொண்டே பொருத்திய புதிய சூரியப் பலகைகளைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொன்றும் 6 மீட்டர் அகலம், சுமார் 18 மீட்டர் நீளம், 20 கிலோவாட்டுக்கு மேல் மின்சாரம். அவ்வளவு பெரியது பாய்ச்சுருளாகத்தான் மேலே போனது. சூரிய செல்கள் பதித்த நெகிழும் விரிப்புக்கு இரண்டு ஓரத்திலும் மெல்லிய கார்பன் கூட்டுப்பொருள் குழாய். குழாயின் நீளவாக்கில் ஒரு பிளவு. தச்சர் வைத்திருக்கும் எஃகு டேப்பை நினைத்துக்கொள்ளுங்கள்: குறுக்கே வளைந்திருப்பதால் நீட்டினால் விறைப்பாக நிற்கும், தட்டையாக அமுக்கினால் சுருளும். சுருட்டும்போது குழாய்க்குள் சேர்ந்த விசையே பிறகு அதை விரிக்கிறது, விரிப்பதற்கு மோட்டார் தேவையில்லை. பொருத்தி, மின்சாரத்தையும் இணைத்து, பிடிப்பை விட்டால் சில நிமிடங்களில் தானாக விரிந்து குழாயாகி நிற்கிறது. இதன் முன்மாதிரியை 2017 ஜூனில் அதே நிலையத்தில் சோதித்தார்கள். விரிவதெல்லாம் நன்றாக விரிந்தது. திரும்பச் சுருட்டிப் பூட்ட முடியவில்லை. அப்படியே விண்வெளியில் கழற்றி விட்டுவிட்டார்கள். சுருட்டியதை விரிப்பதைவிட, விரித்ததை ஒழுங்காகச் சுருட்டுவது கடினம் என்பது பாய் சுருட்டுகிற எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

போனிலும் சரி, விண்வெளியிலும் சரி, மின்சாரத்தைச் சுமப்பது வேறொருவர். கார்பன் அங்கே முதுகெலும்பு. எங்கே வளைய வேண்டும், எங்கே வளையக் கூடாது என்று தீர்மானிக்கிற வேலை. இழையிலேயே மின்சாரத்தை ஓட்ட வேண்டும் என்ற உங்கள் ஆசைக்கு இப்போது வருகிறேன்.

டி300 இழையின் மின்தடைத்திறன் 0.0017 ஓம்-செ.மீ. செம்பினுடையது 0.0000017. எண்களைப் பாருங்கள், சரியாக ஆயிரம் மடங்கு. கடையில் 3கே என்று கேட்டால் தரும் கட்டில் 3000 இழைகள் இருக்கும். அதன் மொத்தக் குறுக்குப் பரப்பைக் கணக்கிட்டால் ஒரு செ.மீ.க்கு ஏறத்தாழ ஒன்றரை ஓம் வரும். 10 செ.மீ. போட்டால் 15 ஓம். ஒரு எல்இடிக்கு 20 மில்லியாம்பியர் அனுப்பினால் 0.3 வோல்ட் மட்டும் வழியில் போகும், பரவாயில்லை. சென்சார் சிக்னலுக்கும் பரவாயில்லை. ஆனால் ஒரு ஆம்பியர் வாங்கும் எதையாவது இதன் வழியே ஓட்ட நினைத்தால் 15 வோல்ட் வழியிலேயே தீர்ந்து, 15 வாட் வெப்பம் உங்கள் விரலில் இறங்கும். அந்த வெப்பத்தைத்தான் காசாக்குகிறார்கள்: பவர் பேங்கில் இயங்கும் குளிர்கால ஜாக்கெட், கையுறை, கார் இருக்கை இவற்றில் இருக்கும் கார்பன் ஃபைபர் ஹீட்டர். 12கே, அதாவது 12,000 இழைகள் உள்ள கட்டில் அரை மீட்டர் எடுத்து 5 வோல்ட் கொடுத்தால் சுமார் 1.4 வாட் கிடைக்கும், உள்ளங்கைக்கு இதமான சூடு. செம்பை அதே நீளத்தில் போட்டால் ஷார்ட் சர்க்யூட்தான். கெட்ட கடத்தி என்பதே இங்கே நல்ல குணமாகிவிடுகிறது, பேனா விஷயத்தில் நடந்த அதே கதை.

செம்பை முழுவதுமாக எடுக்க முடியுமா என்றால், முடியாது, எடுக்கவும் வேண்டாம். பாலிமைட் என்ற பிளாஸ்டிக் படலத்தில் 18 மைக்ரான் செம்பு ஒட்டிய நெகிழும் சர்க்யூட் பலகை பல பத்தாண்டுகளாகத் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. செம்பின் பலவீனம் களைப்பு. ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் கூர்மையாக மடித்தால் விரிசல் விடும். கார்பன் இழை இந்தக் களைப்பை நன்றாகவே தாங்கும். மடிப்பு அடிக்கடி விழும், மின்னோட்டம் மிகக் குறைவு என்ற இடம் அமைந்தால் கார்பன் வைக்கலாம்.

ஒற்றை இழையே முழுக் கருவியாகிவிடும் இடம் ஒன்றும் இருக்கிறது: மூளை. நியூரான்களுக்குப் பக்கத்தில் டோபமைன் என்ற வேதிப்பொருள் எவ்வளவு சுரக்கிறது என்று அளக்கக் கார்பன் இழை மின்முனைகளைப் பல பத்தாண்டுகளாகப் பயன்படுத்துகிறார்கள். 2012-ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஒரு குழு 7 மைக்ரான் கார்பன் இழையை எடுத்து, ஒரு மைக்ரானுக்கும் மெல்லிய பாலிமர் உறை போட்டு, முனையில் மட்டும் மின்சாரம் கடத்தும் பிளாஸ்டிக்கைப் பூசி, எலிகளின் மூளையில் வைத்தது. முழு விட்டமும் 9 மைக்ரானுக்குள். வழக்கமான சிலிக்கான் ஊசி (சிலிகான் ரப்பர் இல்லை, சிப் செய்யும் விறைப்பான பொருள்) இதைவிடப் பல மடங்கு அகலம். மூளை லேசாக அசையும்போதெல்லாம் அது சுற்றியுள்ள திசுவைச் சீண்டி, தழும்பு உண்டாக்கிக்கொள்ளும். தழும்பு வந்தால் சிக்னல் மங்கும். கார்பன் இழை மெல்லியதாக இருப்பதால் திசுவோடு சேர்ந்து நகர்கிறது. பொருளாகப் பார்த்தால் கார்பன் மூளைத் திசுவைவிடப் பல கோடி மடங்கு விறைப்பு. இருந்தும் 7 மைக்ரானில் அது ஒரு முடிகூட இல்லை. இதே மெல்லிய குணம் உள்ளே வைக்கும்போது தொல்லையும் கொடுக்கும். கொஞ்சம் நீளமாக விட்டால் மூளைக்குள் போவதற்கு முன்பே வளைந்துவிடும்.

பத்திரிகைகளில் அடிக்கடி வரும் கார்பன் ஃபைபர் பேட்டரியைப் பற்றியும் கேட்பீர்கள் என்று தெரியும். சுவீடனின் சால்மர்ஸ் பல்கலைக்கழகத்தில் லீஃப் ஆஸ்ப் குழு செய்வது. கார்பன் இழையே லித்தியத்தை உள்வாங்கும் மின்முனையாகவும் இருந்து, சுமையும் தாங்கும். 2021-ல் கிலோவுக்கு 24 வாட்-மணி, விறைப்பு 25 கிகாபாஸ்கல். 2024-ல் 30 வாட்-மணி, 70 கிகாபாஸ்கல். கிரெடிட் கார்டு கனத்தில் போன் வரும் என்று செய்தி போட்டார்கள். அருமையான வேலை, சந்தேகமே இல்லை. ஆனால் இதை வளையும் பேட்டரி என்று படிப்பவர்கள் தலைகீழாகப் படிக்கிறார்கள். 70 கிகாபாஸ்கல் அலுமினியத்தின் விறைப்பு. போனின் சட்டமே பேட்டரியாக வேண்டும் என்பதுதான் அவர்கள் நோக்கம். இன்றைய போன் பேட்டரி கிலோவுக்கு 250 வாட்-மணியைத் தாண்டியிருக்கும் நிலையில், 30 என்பது சட்டத்தின் எடை மிச்சமாகும் இடத்தில் மட்டுமே லாபம். உங்கள் கையுறைக்கு இதில் எதுவும் இல்லை.

சரி, கையுறை. முதலில் ஒரு கணக்கு. விரல் மூட்டின் மேற்பக்கம் மையத்திலிருந்து சுமார் 8 மி.மீ. தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விரலை 90 பாகை மடக்கினால் மேல்தோல் 12 மி.மீ.க்கும் கொஞ்சம் கூடுதலாக நீள வேண்டும். அந்த நீட்சி 40 மி.மீ. நீளத்தில் பரவினாலும் 30 சதவீதம். கார்பன் இழை 1.5 சதவீதத்தில் அறும். ஆகவே நேரான இழைக்கட்டை விரலின் முதுகில் இரண்டு முனையிலும் தைத்தீர்கள் என்றால் முதல் தடவை கையை மூடும்போதே கதை முடிந்தது. ஒட்டிய இடம் பிய்த்துக்கொள்ளும் அல்லது இழை அறும். எபாக்சி ஊற்றினால் இன்னும் மோசம்.

இதற்கு மூன்று வழிகள் எனக்குத் தெரிந்து உண்டு. எளிதானது, நீட்சியை ஒழித்துவிட்டு வளைவை மட்டும் அளப்பது. மெல்லிய சென்சார் பட்டையை ஒரு முனையில் மட்டும் தைத்து, மறுமுனையை ஒரு துணி உறைக்குள் சுதந்திரமாக வழுக்க விடுங்கள். 1989-ல் அமெரிக்காவில் நின்டெண்டோ விளையாட்டுகளுக்காக விற்ற பவர் குளோவில், மின்கடத்தும் மை பூசிய வளைவு சென்சார்கள்தான் இருந்தன. இன்று கடையில் கிடைக்கும் ஃபிளெக்ஸ் சென்சாரும் அதன் தம்பிதான். சொல்லப்போனால் இது கார்பன் ஃபைபர்கூட இல்லை, கார்பன் மை. வேலை முடிய வேண்டும் என்றால் இதையே வாங்கிப் போடுங்கள் என்பேன். ஆனால் புராஜெக்ட்டின் தலைப்பில் கார்பன் ஃபைபர் என்று ஏற்கெனவே எழுதிக் கொடுத்திருப்பீர்கள், அதுவும் தெரியும்.

இரண்டாவது, நறுக்கிய இழையைச் சிலிகானில் கலப்பது. இழைகள் ஒன்றையொன்று தொட்டுத் தொட்டு ஒரு வலை அமைந்த நொடியில் ரப்பர் மின்சாரம் கடத்தத் தொடங்கும். நீட்டினால் சில தொடுகைகள் விலகும், மின்தடை ஏறும். அந்த வலை அமைய எவ்வளவு இழை வேண்டும் என்பது நீளத்துக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதத்தைப் பொறுத்தது, 0.7-ஐ அந்த விகிதத்தால் வகுத்தால் தோராயமாகக் கொள்ளளவுப் பங்கு வரும். 3 மி.மீ. நறுக்கு என்றால் விகிதம் 430, ஆகவே 0.2 சதவீதத்துக்கும் குறைவாகவே போதும். அரைத்த இழை, 0.1 மி.மீ. நீளம் என்றால் ஐந்து சதவீதம்வரை வேண்டும். கலக்கும்போது இழை உடையும், கொத்துக் கொத்தாகக் கட்டிக்கொள்ளும். அதனால் நடைமுறையில் கணக்கைவிடக் கூடவே போட வேண்டியிருக்கும். நிறையப் போட்டால் நன்றாகக் கடத்துமே என்று அள்ளிக் கொட்ட வேண்டாம். வலை இப்போதுதான் அமைந்தது என்ற எல்லைக்குக் கொஞ்சம் மேலே இருக்கும்போதுதான் சென்சார் கூர்மையாக இருக்கும். தொடுகைகள் தேவைக்கு மேல் இருந்தால் நாலு விலகினாலும் மின்தடைக்குத் தெரியாது.

மூன்றாவது, துணியையே கரியாக்குவது. பெய்ஜிங்கில் சிங்குவா பல்கலைக்கழகக் குழு ஒன்று பட்டுத் துணியைக் காற்றில்லாமல் சுட்டுக் கரியாக்கி, நீளும் ரப்பரில் பதித்து, 500 சதவீதம்வரை நீண்டாலும் அளக்கும் சென்சாரை 2016-ல் வெளியிட்டது. கரியான பட்டு நூல் அறுந்துகொண்டே போகிறது, அறுந்த துண்டுகள் ரப்பருக்குள் தொட்டுக்கொண்டே இருக்கின்றன. அந்த அறுதலே அளவு. இதற்கு மந்த வாயு உலை வேண்டும். கல்லூரியில் இருந்தால் முயலுங்கள், இல்லாவிட்டால் இரண்டாவது வழியே போதும்.

எந்த வழியில் போனாலும் சில இடங்களில் எல்லோரும் இடறுவார்கள், நானும் இடறியிருக்கிறேன். சாலிடர் கார்பனில் ஒட்டாது, தாமரை இலைத் தண்ணீர் கதை. வெள்ளித் துகள் கலந்த எபாக்சியோ, இழையை அழுத்திப் பிடிக்கும் கிரிம்ப்போ, நிக்கல் பூசிய இழையோ வேண்டும். கடையில் வாங்கும் இழையின்மேல் ரெசினோடு ஒட்டுவதற்கென்றே ஒரு மெல்லிய பூச்சு இருக்கும், அது மின்சாரத்தைத் தடுக்கும். தொடர்பு முனைகளில் அசிட்டோனால் அதை நன்றாகக் கழுவுங்கள். நான் முதல்முறை கழுவாமல் ஒட்டிவிட்டு, மல்டிமீட்டர் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு எண்ணைக் காட்டுகிறதே என்று மீட்டரையே மாற்றினேன். அளப்பதற்கு இரண்டு முனைக்குப் பதில் நான்கு முனை வையுங்கள்: மின்னோட்டம் அனுப்ப இரண்டு, வோல்ட் அளக்க இரண்டு. இல்லாவிட்டால் நீங்கள் அளப்பது விரலையா, தொடர்பின் குறையையா என்று தெரியாது.

வியர்வை அடுத்த வில்லன். மின்வேதியியல் வரிசையில் கார்பன் எளிதில் அரிக்காத கோடியில் இருக்கிறது. உப்பு நீரில் அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் அலுமினியம் அரித்துப்போகும், செம்பும் மெல்ல மங்கும். விமானங்களில் கார்பனைத் தொடும் இடங்களில் டைட்டானியம் வைப்பது இதற்காகத்தான். நீங்கள் தொடர்பு முனைகளைச் சிலிகானால் மூடிவிட்டால் போதும். வெப்பமும் விளையாடும்: உலோகத்துக்கு நேர்மாறாகக் கார்பன் இழையின் மின்தடை சூடேறினால் குறையும். கை சூடானதை விரல் மடங்கியதாகப் படிக்காமலிருக்க, வளையாத இடத்தில் அதே பட்டையில் ஒரு துண்டை ஒப்பீட்டுக்கு வையுங்கள். ரப்பர் சென்சார் நீளும்போது காட்டிய எண்ணைச் சுருங்கும்போது காட்டாது, அந்த இடைவெளியை மறைக்காமல் வரைபடமாகவே ரிப்போர்ட்டில் போடுங்கள். தேர்வாளர் கேட்பதற்கு முன் நீங்களே சொன்னதாக இருக்கட்டும்.

கடைசியாக, தூசி. நறுக்கும்போது பறக்கும் இழைத்துண்டு கண்ணுக்குத் தெரியாது, ஆனால் ஒவ்வொன்றும் ஒரு கம்பி. 1999 மே மாதம் செர்பியாவின் மின்நிலையங்கள்மேல் நேட்டோ விமானங்கள் தூவியது இத்தகைய கார்பன் இழைச் சுருள்களைத்தான். வெடி இல்லாமலே ஷார்ட் சர்க்யூட்டாகி நாட்டின் பெரும்பகுதி இருண்டது. என் மேசையில் நடந்தது அவ்வளவு பெரிதில்லை. பக்கத்தில் மூடி திறந்து கிடந்த ஒரு மைக்ரோகன்ட்ரோலர் பலகை அடுத்த நாள் காரணமில்லாமல் ரீசெட் ஆகிக்கொண்டே இருந்தது, பிரஷ்ஷால் துடைத்ததும் சரியாகிவிட்டது. ஈரத் துணி விரித்து அதன்மேல் வைத்து நறுக்குங்கள், முகக்கவசம் போடுங்கள், முழுக்கை சட்டை போடுங்கள், லேப்டாப்பை வேறு அறையில் வையுங்கள். நறுக்கி முடித்த துணியை உதறாமல் அப்படியே சுருட்டிக் கவரில் கட்டிவிடுங்கள்.